பழைய அளவில் ஒரு தோரணம்

பிப்ரவரி 28, சனி

மிளகின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் யோசித்து எழுதுவோம் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். யோசிக்க யோசிக்கக் கோபம் கூடத்தான் செய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வந்த பெண், திரும்பி வரும்போது தோளில் ஒரு சாக்குமூட்டையோடு வாசலில் நின்றாள். பஸ்ஸில் மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்டார்களாம். பிரித்துப் பார்த்தால், உங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் மெஷின் வெட்டித் தள்ளுகிற கலர் காகித ஓரங்கள். ஒன்றாவது நேராக இருக்கிறதா? கேட்டால், "அப்பா எல்லாத்தையும் தான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரும்மா" என்று ஒரே பூரிப்பு. எனக்குப் பயம்தான் வந்தது. நீங்கள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவையெல்லாம் இந்த வீட்டில் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. சமையலறையில் பாதிச் சுவர் வெள்ளை, மீதிச் சுவர் பழைய பச்சை. புத்தக அலமாரிக்கு நடுப்பலகை இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்குப் பதினைந்து வயதாகிறது. மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமாம். வீடு முழுக்கக் கலர் கலராக இருக்க வேண்டுமாம். ஆனால் கடையில் வாங்கிய ஒரு ஜிகினாக் காகிதம்கூட உள்ளே வரக்கூடாது, எல்லாமே கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். காகிதப் பூக்கள் என் பொறுப்பு என்று உத்தரவாகியிருக்கிறது. உங்களுக்கு ஹாலுக்கான தோரணம். ஒன்றே ஒன்று. அதைப் பதினைந்தாம் தேதிக்குள் கொடுத்தனுப்பினால் போதும். உங்களுக்குத்தான் இரண்டு ரூம், பால்கனி என்று ராஜ வாழ்க்கையாமே, மிளகு சொன்னாள். வசதியாக உட்கார்ந்து ஒழுங்காகச் செய்யுங்கள்.

நீங்கள் அன்றைக்கு வருவதா வேண்டாமா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வருஷம் அவள் தோழிகள் முன்னாலேயே, கேக்கை எந்த மேஜையில் வைப்பது என்பதற்காக நீங்களும் நானும் போட்ட கூத்து உங்களுக்கு மறந்திருக்கலாம். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பெண், வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகுதான் வெளியே வந்தாள். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிப் பக்கம் போனது அதற்கு அடுத்த மாதம். இன்னொரு பிறந்தநாள் அப்படிப் போக நான் விடமாட்டேன்.

மிளகின் அம்மா


மார்ச் 1, ஞாயிறு

வீட்டுக்காரம்மாவுக்கு,

கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரி எதிரிலேயே உட்கார்ந்து, "சீக்கிரம் எழுதுங்கப்பா, அஞ்சரை பஸ்ஸை விட்டா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்று விரட்டுகிறாள். அதனால் கையெழுத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் ஒரு பத்தி எழுதி வைக்காதே.

பயம் வந்ததா? எனக்கு உன் கடிதத்தைப் பார்த்ததும் காய்ச்சலே வந்துவிட்டது. "ஒன்றே ஒன்று." "பதினைந்தாம் தேதிக்குள்." நான் என்ன உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வாங்க வந்தவனா, ரசீது போட்டுக் கொடுக்கிறாய்? சமையலறைச் சுவர் பாதியில் நின்றதற்குக் காரணம் பெயின்ட் நிறம் பிடிக்கவில்லை என்று பாதியில் நீ சொன்னது. அதை எழுதினாயா? எழுதமாட்டாய்.

சரி, விடு. இன்னொரு சுவரைப் பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

தோரணம் எப்படி வரப்போகிறது தெரியுமா? காகித வளையங்களைக் கோத்துக் கோத்து மூன்று சரம். மஞ்சளில் ஆரம்பிக்கும். மெல்ல மெல்ல ஆரஞ்சாகி, சிவப்பாகி, ரோஸாகி, அப்புறம் ஊதா, நீலம், கடைசியில் பச்சை. ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. சமையலறை வாசலிலிருந்து தெருப்பக்கத்து ஜன்னல் வரை, ஹால் முழு நீளத்துக்கும் ஒரே ஓட்டம். கேட்டதும் மிளகு குதித்தாள். அளவெல்லாம் நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஹாலுக்குத் தரை ஓடு பதித்தவன் நான். முட்டி தேய்ந்தது எனக்குத் தெரியும்.

பால்கனியில் காற்று ரொம்ப. காகிதம் பறக்கிறது. அதனால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம். மூன்று சரத்தையும் சிக்கல் விழாமல் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எழுத்தில் சொன்னால் புரியாது. கட்டுவதற்கு நான் நேரில் வந்தால்தான் ஆகும். கட்டிவிட்டு, நீ போ என்றால் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
அரைகுறை


மார்ச் 7, சனி

மிளகின் அப்பாவுக்கு,

உங்களைத் தவிர வேறு யாராலும் கட்ட முடியாத தோரணமா! பதினாறு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். இந்த வேலையெல்லாம் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணி, நூல், ஏணி. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வருவதைப் பற்றி நான்தான் சொல்வேன். சொல்லும்வரை கேட்காதீர்கள்.

இங்கே என் நிலைமை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. பூச் செய்வதற்கு மெல்லிய சுருக்கக் காகிதம் வாங்கினேன். காகிதம் வாங்கலாம், செய்த பூவைத்தான் வாங்கக்கூடாது என்று சட்டம். கொஞ்சம் பசை பட்டால் போதும், சாயம் கையில் இறங்கிவிடுகிறது. ரோஸ் நிறம் தேய்த்தாலும் போவதில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். "என்னம்மா, எல்லாம் செக்கச்செவேல்னு தெரியுது" என்றார். பார்த்தால் லென்ஸ் நடுவில் என் கட்டைவிரல் ரேகை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இவ்வளவு பட்டுச் செய்த பூவை உங்கள் மகளிடம் காட்டினால், விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பூவாம்மா? கசக்கிப் போட்ட பில்லு மாதிரி இருக்கு" என்கிறாள். வாய் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாள் சாயங்கால வேலை குப்பைக்கூடைக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். வேலை விட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து இதழ் இதழாக வெட்டுகிறேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு மேஸ்திரி வேலை பார்க்கிறாள்.

ஹால் அளவு எல்லாம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கும் மிளகிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியும். உங்கள் மேதாவித்தனத்தை நம்பி நான் ஏமாந்தது போதும்.

மிளகின் அம்மா


மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்காரம்மாவுக்கு,

கேட்டேன். "பழைய அளவுதாம்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். உனக்குத் திருப்திதானே? நான் சொன்னால் மட்டும் நம்பிக்கை வராது, நடுவில் ஒரு சாட்சி வேண்டும்.

உன் ரோஸ் விரல் கதையை மிளகே நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே. அப்புறம் அவள், "பாவம்பா அம்மா, நான் கொஞ்சம் ஓவராத்தான் பேசிட்டேன்" என்றாள். உன்னிடம் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

இங்கே என் பாடும் லேசில்லை. ஆரஞ்சு காகிதம் தீர்ந்துவிட்டது. ஆரஞ்சில் அடுத்த ஆர்டர் எப்போது என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "உன் பொண்ணு பிறந்தநாளுக்காகப் பிஸ்கட் கம்பெனிக்காரன் பெட்டியை மாத்துவானா" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஒரு மாம்பழச்சாறு பெட்டி ஆர்டர் வந்து மானத்தைக் காப்பாற்றியது. பசை சரிப்படவில்லை, பிரிந்து பிரிந்து வருகிறது. ஸ்டேப்ளர் அடிக்கிறேன். அதற்கும் சத்தம் வரக்கூடாது என்று இங்கே ஒரு தொந்தரவு. அதை விடு.

நீ போன வருஷத்தைப் பற்றியே எழுதுகிறாய். நானும் யோசித்துப் பார்த்தேன். கேக்கை ஜன்னலோர மேஜையில் வைக்கலாம் என்றேன். அது ஒரு குற்றமா? வெயில் படும், கிரீம் உருகும் என்று நீ அமைதியாகச் சொல்லியிருக்கலாம். "உங்களுக்கு என்றைக்குத்தான் மூளை வேலை செஞ்சிருக்கு" என்று ஆரம்பித்தது யார்? எதிர்வீட்டுப் பெண்ணெல்லாம் நின்றுகொண்டிருந்தாள். நானும் பதிலுக்குக் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கிறேன், கத்தியது நான் மட்டும்தானா? வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவன் மட்டும் நானா?

இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு தோரணம் வரும். பெட்டியில்தான் அனுப்புவேன். பெட்டிக்கா எனக்குப் பஞ்சம்!

இப்படிக்கு,
கத்தியவர்களில் ஒருவன்


மார்ச் 16, திங்கள்

மிளகின் அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். இனிமேல் கடிதம் சுமக்க மாட்டேன் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். காரணம் கீழே.

பெட்டி வந்தது. நேற்று சாயங்காலமே ஏணியைப் போட்டேன். சமையலறை வாசலுக்கு மேலே மஞ்சள் நுனியைக் கட்டினேன். மிளகு கீழே நின்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று என்னமாய்ப் போகிறது என்று நானே வாயைப் பிளந்தேன். அதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது. அதை வெளியே எடுத்தால், ரோஸுக்கு அடுத்து ஊதா வர வேண்டிய இடத்தில் பச்சை! பச்சை, நீலம், ஊதா என்று எல்லாம் தலைகீழ். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பால்கனியில் விரித்துப் பார்த்திருக்கக் கூடாதா நீங்கள்? அதற்குக்கூடவா சோம்பல்?

"எவ்வளவு நீளம்னு அப்பாகிட்ட சொன்னே?" என்று மிளகைக் கேட்டேன். "சுவர் வந்ததைச் சொன்னியா இல்லையா?" என்று கேட்டேன். ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உங்களுக்கு எதுவுமே தெரியாது என்று. இத்தனை மாதமாக அவள் சொல்லியிருப்பாள், தெரிந்தும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் உங்கள்மேல் கடுப்பில் இருந்தேன்.

ஹால் இப்போது பாதிதான். குறுக்கே சுவர் எழுப்பிவிட்டேன். ஜன்னல் பக்கத்துப் பாதி மிளகின் ரூம்.

நான் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. போன வருஷம் அந்தக் கூத்தெல்லாம் முடிந்த மறுவாரம், பிறந்தநாள்தான் பாழாகிவிட்டது, உனக்குப் பிடித்ததாக ஏதாவது வாங்கித் தருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டேன். செருப்பு கேட்பாள், கைக்கடிகாரம் கேட்பாள் என்று நினைத்தேன். "எனக்கு ஒரு கதவு வேணும்மா" என்றாள். "என்னடி கதவு?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் கத்தும்போது மூடிக்கறதுக்கு. பாத்ரூம்ல எவ்வளவு நேரம்தான் நிக்கறது" என்றாள். நீங்கள் வீட்டை விட்டுப் போன மாதத்திலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டேன். கத்துவதற்கு ஆள் இல்லாத வீட்டில்தான் அந்தக் கதவு வந்தது. இருந்தாலும் தினமும் மூடிக்கொண்டுதான் படுக்கிறாள்.

தோரணத்தைப் பாதியாக வெட்டப் போகிறேன். வேறு வழியில்லை.

மிளகின் அம்மா


மார்ச் 18, புதன்

உனக்கு,

தபால் கம்பெனிக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். சாப்பிடவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். என் ஹாலை என்னைக் கேட்காமல் எப்படிக் குறுக்கலாம் என்று உனக்கு நான்கு பக்கம் திட்டி எழுதினேன். மெஷின் ஓடும்போது உன் கடிதம் முழுவதையும் மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டினேன். அப்புறம் அந்தக் கதவு விஷயத்துக்கு வந்தேன். நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன், "இப்பவும் ஹால்லதான் படுக்கிறியா மிளகு?" என்று. "ஜன்னலோரமாத்தான்பா" என்பாள். பொய்யும் இல்லை பார். அந்த ஜன்னல் வழியாக எதிர்வீட்டு நாய் இன்னும் குரைக்கிறதா என்று கேட்பேன். அதையும் சொல்வாள். நான் அந்த வீட்டை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே எனக்காக வைத்திருந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ தோரணத்துக்காகச் சாகும்வரை என்னைத் திட்டுவாய். பால்கனி கிடையாது. இரண்டு ரூமும் கிடையாது. உன் முதல் கடிதத்தில் பால்கனி என்று படித்ததும் மிளகைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். சரி, பெண் ஏதோ காரணமாகச் சொல்லியிருக்கிறாள், போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று நானும் காற்றடிக்கிறது என்று எழுதி வைத்தேன். இருப்பது கம்பெனிக்குப் பின்னால் ஒரே ஒரு ரூம். அதிலும் பங்காளி உண்டு. இரவு ஷிப்டு பார்க்கிற பாய்லர்காரர். நான் வேலை விட்டு வந்த பிறகும், இரவு கிளம்பும்வரை அவர் தூங்குவார். குறட்டையில் கூரை ஆடும். என் கட்டிலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம், பக்கவாட்டாக. நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை வைத்து அழுத்திச் சத்தம் வராமல் ஸ்டேப்ளர் அடித்தேன். முடிய முடியப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு பெட்டி ஆனது. கடைசி நாள் இரண்டையும் சேர்த்தபோது எந்த நுனி எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கோத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நாளாவது அதை முழுசாக விரித்துப் பார்க்கவில்லை. எங்கே விரிப்பது?

வெட்டிவிடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அன்றைக்கு வரவும் இல்லை. கதவு கேட்ட பெண்ணுக்கு நான் வராமல் இருப்பதுதான் நல்ல பரிசு. அவளிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிடு.

அவள் அப்பா


மார்ச் 21, சனி

மிளகின் அப்பாவுக்கு,

வராதீர்கள் என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? முடிவு செய்யவில்லை என்றுதானே எழுதினேன்? எதையுமே பாதியில் விடுகிற ஆள் நீங்கள், இதையும் பாதியில் விட்டுவிட்டு ஓவர்டைம் என்று பொய் சொல்லும் வேலையை மட்டும் என் தலையில் கட்டுகிறீர்கள். இந்த வீட்டில் பொய் சொல்ல ஏற்கனவே ஒரு ஆள் இருக்கிறாள். நானும் சேர்ந்தால் தாங்காது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "பால்கனின்னு ஏன்டி சொன்னே?" என்றேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "அப்பா சின்ன ரூம்ல இருக்காருன்னு சொன்னா நீ சந்தோஷப்படுவியோன்னு பயமா இருந்துச்சு. இல்லேன்னா அழுவியோன்னு பயமா இருந்துச்சு. ரெண்டுமே எனக்கு வேண்டாம்." எனக்கு இரண்டில் எது வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"அப்பாகிட்ட சுவரை மறைச்சது எதுக்கு?" என்று கேட்டேன். "என்னாலதான் சுவர் வந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா, அப்புறம் வரவே மாட்டாரும்மா" என்றாள். நீங்கள் அதே மாதிரி எழுதிய கடிதம் என் மடியில் கிடந்தது. எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா எனக்கு? அவளுக்கு உங்களை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பேசி முடித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். பிடுங்கிவிட்டாள். "வெட்டக்கூடாது" என்றாள். "பழைய ஹால் அளவுக்குத்தானே செஞ்சார்? ஹால் அங்கேயேதானே இருக்கு. நடுவுல சுவர் இருந்தா என்ன, கதவும் இருக்குல்ல. சமையல்ரூம் வாசல்ல கட்டி, என் கதவு வழியா உள்ளே கொண்டுவந்து, ஜன்னல்ல முடிச்சா சரியா இருக்கும். அன்னிக்கு நான் கதவைத் திறந்து வைக்கிறேன்." அளந்து பார்த்தேன். மகராசி சொன்னது சரிதான்.

நிபந்தனை இருக்கிறது. அப்படியே எழுதச் சொன்னாள். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் கட்டணும். நான் கேக்கிற மாதிரி சண்டை வந்தா, ஒண்ணும் பேச மாட்டேன். கதவை மூடிடுவேன். மூடினா தோரணம் அறுந்துடும். அறுந்தா அது உங்க பாடு."

பத்து மணிக்கு வாருங்கள். பத்து என்றால் பத்து. அந்தத் தலைகீழ் பச்சையைச் சரிசெய்ய வேண்டியதும் நீங்கள்தான், ஸ்டேப்ளரைக் கொண்டுவாருங்கள். இங்கே எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

மிளகின் அம்மா

பி.கு: பூக்களில் இருபது தேறியிருக்கிறது. மேஸ்திரி பாஸ் போட்டுவிட்டார்.


மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்காரம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை அவள்தான் கொண்டுவந்தாள். தபால்காரி வேலையை மறுபடியும் ஏற்றுக்கொண்டாளாம், இந்த ஒரு தடவை மட்டும். படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் எழுது என்று விரட்டவில்லை. அதனால் எழுதத் தோன்றவில்லை. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

என்னால்தான் சுவர் வந்தது என்றாளாமே? சொல்லு அவளிடம். இல்லை, நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். அது அவளால் வரவில்லை. யாரால் வந்தது என்று நாம் இரண்டு பேரும் இப்போது ஆரம்பித்தால் இந்தக் கடிதத்திலேயே கதவு மூடிவிடும். அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

வருகிறேன். பத்து மணிக்கு. என்னிடமும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் ஏணியில் நிற்கும்போது கீழே நின்று "கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது" என்று சொல்லாதே. அதற்கு மட்டும் என்னால் பொறுப்பேற்க முடியாது.

இப்படிக்கு,
ஸ்டேப்ளர்காரன்


மார்ச் 31, செவ்வாய்

மிளகின் அப்பாவுக்கு,

பத்து மணிக்கு வாருங்கள் என்றால் எட்டரைக்கு வந்து நிற்பதற்கு என்ன அர்த்தம்? நான் தலையில் துண்டோடு வந்து கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. ஏணி இருக்கிறது என்று தெரிந்தும் கம்பெனி ஏணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. தரையெல்லாம் ஸ்டேப்ளர் பின். நேற்று ஒன்று என் குதிகாலில் ஏறியது. எல்லாவற்றையும் பெருக்கிவிட்டேன் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள்.

புதுச் சுவரில் ஆணி அடிக்கப் போனீர்களே, அப்போதே முடிந்தது கதை என்று நினைத்தேன். "பூச்சு உதிரும், டேப் போடுங்க" என்றேன். "இந்தச் சுவரை என்னைக் கேட்டா கட்டினே?" என்று ஆரம்பித்தீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மிளகு எழுந்து வந்து கதவுப் பிடியில் கையை வைத்தாள். உங்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "டேப்... டேப் எங்கே இருக்கு?" என்றீர்கள், அவ்வளவு பணிவாக. பதினாறு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அப்புறம் கேக் மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளப் போனீர்கள். ஆண்டவனே, மறுபடியும் ஜன்னலோரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் கை பிடிக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டு நிழலான மூலையைக் கையால் காட்டினேன். நீங்கள் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு மேஜையை நான் காட்டிய இடத்துக்கே தள்ளினீர்கள். அவள் தோழிகளுக்கு ஒன்றும் தெரியாது. "ரெண்டு ரூமையும் சேர்த்து எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க ஆன்ட்டி" என்று ஒருத்தி சொன்னாள். என் பூக்களில் நான்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நீங்கள் அப்போது சமையலறையில் பெருமையோடு நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு தூங்கு, தோரணத்தை நான் கழற்றி வைக்கிறேன் என்றேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "கதவு சாத்த முடியாதேடி" என்றேன். "சாத்தினா அறுந்துடுமேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நேற்றும் அப்படித்தான். சுவர் வந்த நாளிலிருந்து மூடாமல் தூங்காத பெண், இரண்டு நாளாகக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

அதனால் கம்பெனி ஏணியை எடுக்க வருகிறேன், அப்படியே தோரணத்தையும் கழற்றித் தருகிறேன் என்று நாளைக்கே வந்து நிற்க வேண்டாம். ஏணி இங்கேயே இருக்கட்டும். உங்கள் சூப்பர்வைசர் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

மிளகின் அம்மா